மல்லேஸ்வரத்தில் ஏற்றாத விளக்கு

ஜப்பானில் நடந்த உலகக் கண்காட்சியில் எங்கள் மல்லேஸ்வரம் காபித்தூள் கம்பெனிக்கு ஒரு ஸ்டால் கிடைத்தது. திறப்பு விழா ஏற்பாடு என் தலையில். அரங்குக்குள் நெருப்பே கூடாது என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். முதலாளியம்மா இங்கே ஆபீசில் குத்துவிளக்கு ஏற்றட்டும், அதை அங்கே திரையில் காட்டலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று நேரம் கொடுத்தார்கள். வெள்ளியன்று பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். விடுவேனா? மெயில் மேல் மெயில் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி, மதியம் இரண்டுக்கு மாற்றி வாங்கினேன்.

அன்று அவர்களுக்கு இரண்டு அடித்தபோது நமக்கு மணி பத்தரை. தீப்பெட்டியை எடுத்த முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, ராகு காலத்துல விளக்கேத்தச் சொல்றியா?"

ஸ்டாலில் இருந்த எங்கள் கம்பெனிப் பெண் லேப்டாப்பில் பதறினாள். "அக்கா, எல்லாரும் வெயிட் பண்றாங்க. நமக்கு இருபது நிமிஷம்தான் ஸ்லாட்."

முதலாளியம்மா பன்னிரண்டு வரை அசைய மாட்டார். கண்காட்சிக்காரர்கள் இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரு நொடி தரமாட்டார்கள். எண்ணெயும் திரியும் போட்ட விளக்கைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அந்தப் பக்கம் கோட் போட்ட விருந்தினர்களும் அதே விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது கைதட்டுவது என்று தெரியாமல்.

திரை அணைந்த பிறகு முதலாளியம்மா கேட்டார். "மொதல்ல எத்தனை மணி குடுத்தாங்க?"

"பதினொண்ணும்மா. நமக்குக் காலைல ஏழரை."

"அடிப்பாவி, அது குளிகையாச்சே! அதுல ஆரம்பிச்சா வியாபாரம் திரும்பத் திரும்ப நடக்குமே."