வெறும் பொட்டி அனுப்பக் கூடாது

கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, எது நடந்தாலும் உத்திரமேரூர் சுத்துவட்டாரத்துல வீடியோ எடுக்குறவ நான். அது பொழப்பு. இன்னொரு வேலையும் கீது, அதுக்குச் சம்பளம் கெடையாது. எல்லாருக்கும் இலவசமா சாஃப்ட்வேர் எழுதித் தர்றவங்க வருசத்துக்கு ஒரு வாட்டி கூடிப் பேசுவாங்க. அந்தப் பேச்சையெல்லாம் படம் புடிச்சு நெட்டுல காட்டுறது என் பொறுப்பு. சோறாவது போடுறாங்களான்னு அம்மா கேக்கும். போடுறாங்கன்னு சொன்னா, சரி போய்ட்டு வான்னுடும்.

அதுக்கு வேண்டிய சாமான் எங்ககிட்ட இல்ல. ஜெர்மனில ஒரு குழு இரவல் குடுத்தாங்க. ரெண்டு கேமரா, படத்தையும் சத்தத்தையும் சேக்குற மிக்சர் மிஷின் ஒண்ணு, கட்டுக்கட்டா ஒயரு, எல்லாம் சக்கரம் வெச்ச ஒரு கறுப்புப் பொட்டில. மாநாடு நடத்துற நாட்டுக்காரங்க வாங்கி, வேலை முடிச்சு, அடுத்த நாட்டுக்கு அனுப்பணும். காஞ்சிபுரத்துல எங்க கூட்டம் முடிஞ்சதும் அடுத்து கொழும்பு. சனிக்கெழமை அங்க ஆரம்பம். நாம சொதப்பினா அங்க ஒரு பேச்சும் பதிவாவாது, நமக்கும் இனிமே யாரும் இரவல் தர மாட்டாங்க. உத்திரமேரூர்ல இருந்து எப்படிம்மா அனுப்புவீங்கன்னு சென்னைக்காரர் ஒருத்தர் இழுத்தாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நாங்க இன்னா காட்டுலயா கீறோம்? நான்தான் அனுப்புவேன்னு பொட்டியை இழுத்துக்கினு வூட்டுக்கு வந்துட்டேன்.

வியாழக்கெழமை தெரிஞ்சவர் வேன்ல ஏத்தி மீனம்பாக்கம் ஏர்போர்ட்டு கார்கோவுக்குக் கொண்டு போனேன். கஸ்டம்ஸ் ஆபீசர் பொட்டியைத் தொறக்கச் சொன்னாரு. தொறந்தா, அரிசி.

எங்க வூட்டு எவர்சில்வர் கிண்ணம் ஒரு மூலைல மூடி கழண்டு கெடக்குது. வேன் குலுங்குனதுல அதுல இருந்த பச்சரிசி பொட்டி பூரா எறைஞ்சு போச்சு. ஸ்பாஞ்சு பள்ளத்துல, ஒயர் சுருளுக்குள்ள, மிக்சர்ல காத்து போற ஓட்டைல, எங்க பாத்தாலும் அரிசி. அம்மாவுக்குப் போன் போட்டேன். அது நிதானமா சொல்லுச்சு: "இரவல் வாங்குன பாத்திரத்த வெறுமன தருவாங்களாடீ? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திரும்பப் போய்க் கேப்ப?"

வந்த கோவத்துக்குப் போனைத் தரைல அடிச்சிருப்பேன். ஆனா அம்மா வளந்த விதம் அப்படி. காலம்பூரா அடுத்தவங்க கழனில நாத்து நட்டு அறுப்பறுத்த பொம்பள. பக்கத்து வூட்ல ஒரு அண்டா வாங்குனாலும், திருப்பித் தரும்போது ஒரு கை அரிசி போட்டுத்தான் தரும். ஒண்ணுமே இல்லாத நாள்ல முருங்கைக் கீரையாவது உருவிப் போடும். நெலமில்லாத வூட்டுக்கு அது ஒரு மரியாதை.

ஆபீசர் கோவப்படல, ஆனா கறாரு. தானியம் நாடு தாண்டணும்னா வேற சர்டிபிகேட் வேணும், அது இன்னிக்கு ஆவாது. ஒரே ஒரு அரிசி இருந்தாலும் பொட்டி போவாது. சாயந்திரத்துக்குள்ள சுத்தம் பண்ணா பாக்கறேன்னாரு. வேன்காரர் வூட்டுக்குத் திரும்பிடலாம்னாரு. திரும்புறதா? செத்தாலும் மாட்டேன்னேன்.

தரைல துப்பட்டாவை விரிச்சு உக்காந்தேன். ஒவ்வொரு ஒயரா பிரிச்சு ஒதறினேன். ஸ்பாஞ்சைக் கழட்டித் தட்டினேன். லென்ஸ் தொடைக்கிற பிரஷ்ஷால மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன். மிக்சர் மூடியை ஸ்க்ரூ கழட்டித் தொறந்து ஊதினேன். அரிசில கல்லு பொறுக்கி வளந்தவ, மிஷின்ல அரிசி பொறுக்கினது அன்னிக்குத்தான். முதுகு வுட்டுப் போச்சு. மூட்டை ஏத்துறவங்க நின்னு சிரிச்சாங்க. சிரிங்கடா சாமின்னு பொறுக்கிக்கினே இருந்தேன். கடைசில ஆபீசர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு, ஒயரைக் குலுக்கிப் பாத்தாரு, தலையாட்டினாரு.

அரிசியைத் துப்பட்டால முடிஞ்சிக்கினேன். காலிக் கிண்ணம் கைல இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. சார், இதாவது போவட்டும், எங்கம்மா வெச்சதுன்னேன். சாமான் பட்டியல்ல சேத்து எழுதுங்கன்னாரு.

சனிக்கெழமை கொழும்புல மொதப் பேச்சு ஓடுறதை என் போன்லயே பாத்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. அங்க வேலை செய்ற பொண்ணு ஒண்ணு, கிண்ணம் எதுக்குக்கான்னு மெசேஜ் போட்டா. அம்மா சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

அம்மாதான் சமாதானம் ஆவல. அப்ப வெறும் கிண்ணத்தையா அனுப்சன்னு கேட்டுட்டு, கொஞ்ச நாள் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. இனிமே யாரு தருவாங்கன்னு அதுக்கு ஒரே கவலை.

தந்தாங்க. அடுத்த வருசம் கேட்டோம், அதே பொட்டி நாடெல்லாம் சுத்திட்டு வந்துச்சு. அம்மாவைப் பக்கத்துல வெச்சிக்கினுதான் தொறந்தேன். அதே மூலைல அதே கிண்ணம், மூடியை டேப் போட்டு ஒட்டியிருந்தாங்க. அம்மா நகத்தால உரிச்சுத் தொறந்துச்சு. உள்ள ஒயர் கட்டுற பட்டைங்க, குட்டிக் குட்டி ஸ்க்ரூ, லென்ஸ் தொடைக்கிற புதுத் துணி, ஒரு சுருள் டேப்பு. பொட்டி போன ஒவ்வொரு ஊர்க்காரங்களும் ஏதோ ஒண்ணு போட்டிருக்காங்க.

திங்கறதுக்கு ஒண்ணும் இல்லியேன்னு நான் கிண்டல் பண்ணேன். அம்மா காதுலயே வாங்கல. எல்லாத்தையும் என் மடில கொட்டிட்டு, கிண்ணத்தைக் கழுவித் தொடைச்சு வெச்சுச்சு.

"இந்தத் தபா இன்னா போட்டா வுடுவாங்கன்னு அந்த ஆபீசரக் கேட்டு வெய்யி."