எல்லோருக்கும் கேட்கும் என்று நினைத்தாள்

பதினோரு வருடமாக ஏஞ்சல் அதே டோக்கன் கவுன்ட்டரில்தான் உட்கார்ந்திருந்தாள். குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. காலை எட்டு மணிக்கே வாசல்வரை வரிசை. பெயர், வயது, எந்த டாக்டர் என்று கேட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பது மேலாளர் ஷ்யாம்சுந்தர் வகுத்தது. ஏஞ்சலுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் ஆகும். வந்தவர்கள் நோவைச் சொல்ல ஆரம்பித்தால் அவளால் பாதியில் வெட்ட முடியாது.

"கதை கேக்கவா இங்க உக்கார வச்சிருக்கோம்?" என்று அவர் மாதம் ஒரு முறையாவது கேட்பார். தனக்கு எந்த வேலைக்கும் சாமர்த்தியம் இல்லை என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள். அஸ்தினாபுரத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கவாதம் வந்த ஜெயவேலுவை அவர் மனைவி கிளியம்மாள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் "எய்... எயு..." என்று கத்திக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தாள், தட்டிவிட்டார். விசிறினாள், முறைத்தார். பிறகு அழுதுவிட்டார்.

ஏஞ்சல் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து அவர் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கய்யா. அவசரமில்ல."

மூன்று முறை கேட்டாள். "வெரலுங்கிறாரும்மா," என்று கிளியம்மாளிடம் சொல்லி, அவர் காலை மூடியிருந்த போர்வையை விலக்கினாள். கால் பெருவிரல், பாதம் வைக்கும் தகட்டுக்கு அடியில் மடங்கிச் சிவந்திருந்தது.

"மூணு மாசமா இன்னா இன்னானு கேட்டுகினே கீறேன், ஒண்ணும் பிரில. நீ எப்டிம்மா கண்டுகின?" என்றாள் கிளியம்மாள்.

வரிசை முணுமுணுத்தது. ஷ்யாம்சுந்தர் வந்து திட்டினார். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் விஷ்ணுப்ரியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மதியம் ஏஞ்சலைத் தேடி வந்தாள்.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எதை மேடம்?"

"வாய் குழறிப் பேசுறவங்களைப் புரிஞ்சுக்கிறதை."

எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று ஏஞ்சல் அதுவரை நினைத்திருந்தாள்.

"எனக்கு இந்தக் காது வர ரெண்டு வருஷம் ஆச்சு. என் ரூம்ல அசிஸ்டென்ட் வேணும். வர்றீங்களா?"

மாற்றல் கிடைக்க ஒன்பது மாதமாயிற்று. கவுன்ட்டருக்கு வேறு ஆள் இல்லை என்று விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. அதுவரை ஏழு மணிக்கே வந்து, ஒரு மணி நேரம் விஷ்ணுப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து பழகிவிட்டுத்தான் டோக்கன் கிழிக்கப் போனாள். வீட்டுச் சமையலை நாலரைக்கே தொடங்க வேண்டியிருந்தது. பல நாள் விட்டுத் தொலைக்கலாம் என்றிருந்தது.

இப்போது அந்த அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அங்கே பேச்சுப் பயிற்சிக்குச் சேர்ந்த ஜெயவேலு பாதியில் நிறுத்திவிட்டார். தொலைவிலுள்ள சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து வாரம் இருமுறை வர முடியவில்லை. வேறு சிலர் மாதக்கணக்கில் ஓர் எழுத்தைக்கூடத் தாண்டவில்லை. நேற்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முக்கால் மணி நேரம் 'காபி'யோடு மல்லுக்கட்டினார். 'கா' வந்தது, 'பி' வரவில்லை. ஏஞ்சலுக்கும் முதுகு விட்டுப்போயிற்று. கடைசியில் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "டீ" என்றார்.

ஏஞ்சல் சிரித்தபடி எழுந்து கேன்டீனுக்குப் போனாள்.