கழுத்தில் தொங்கிய ஊசி அட்டை

கொரோனா இரண்டாம் அலை அடங்கிவந்த நாட்களில், திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற அந்த அம்மாளைப் பார்த்தேன். குள்ளமான உருவம்; துவைத்துத் துவைத்து வெளுத்த முகக்கவசம். தடுப்பூசிச் சான்றிதழை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டியிருந்தார். நான் உட்கார்ந்திருந்த பேருந்தில் ஏறி, ஒவ்வொரு சீட்டிலும் அதைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் விலை சொன்னார்.

விழுப்புரம் போகும் அந்தப் பேருந்தில், என் முன்சீட்டில் இருவர் கட்டுப்பாடுகளை எப்போது நீக்கலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உடனே எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். மற்றவர், "எல்லாரும் ஊசி போடாம ஸ்கூலத் தொறக்கவே கூடாது. இந்த ஜனங்க எங்க போடுது?" என்றார்.

அந்த அம்மாள் அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ரெண்டும் போட்டுக்கினேன் சார். ஸ்கூல் வாசல்லதான் என் யாவாரம். எப்பத் தொறப்பாங்கன்னு காத்துக்கினு கெடக்கறேன். நீங்க போட்டுக்கினீங்களா?"

"இன்னும் இல்ல. கொஞ்ச நாள் பாத்துட்டு..." என்று இழுத்தார். எல்லாவற்றையும் திறக்கச் சொன்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்களுக்கு என்னா ஆவுதுன்னு பாக்கறீங்களா? நல்லா பாருங்க. அதுக்குதான மாட்டிக்கினு சுத்தறேன்."

அடுத்து என்னிடம் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவசரமாக இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். நானும் அதுவரை போட்டுக்கொள்ளவில்லை.