அரைப்பேர்

எனக்கு ஐந்து வருடம் ஊசி போட்டவன் ஒருநாள்கூட என் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. நாக்கை நீட்டச் சொன்னான், கண் இமையை இழுத்துப் பார்த்தான், "ஒடம்புல சத்து இல்ல" என்றான். அவ்வளவுதான் பரிசோதனை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அவன் படித்த டொக்டரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் டிஸ்பென்சரி. வெளியே ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு மேசை, அதற்குப் பின்னால் அவன். எங்கள் பக்கத்தில் மாத்திரை தருகிறவனை யாரும் மதிப்பதில்லை. ஊசி போடுகிறவன்தான் கைராசிக்காரன். காய்ச்சலோடு போனவன் ஊசி இல்லாமல் திரும்பி வந்தால், "சும்மாவா அனுப்பிட்டான்?" என்று லயத்தில் வரிசையாக இருக்கிற பத்து வீட்டுக்காரரும் கேட்பார்கள். அந்தப் புத்தியோடுதான் நானும் போனேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு ஹல்துமுல்லைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போனவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, தம்புள்ளையில் மரக்கறி லொறி, மாலைதீவில் கட்டட வேலை என்று சுற்றினேன். எங்கும் இரண்டு வருடம் நிற்கவில்லை. கடைசியில் டெங்குவில் படுத்து எலும்பும் தோலுமாக ஊருக்கு வந்தேன். எல்லவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வேலை கிடைத்தது. ரோட்டிலிருந்து விடுதிக்கு நூற்றுப் பதினெட்டுப் படி. பெட்டி, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் முதுகில்தான் ஏற வேண்டும். நாற்பதாவது படியில் எனக்குக் கால் நடுங்கியது. அதனால்தான் ஊசிக்குப் போனேன்.

மருந்து எண்ணெய் மாதிரிக் கெட்டியாக இருந்தது. பின்பக்கத்தில் போட்டால் மூன்று நாள் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். வீட்டுக்குப் போகும்போது பெரகல வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப உயிர் போய் வரும். ஆனால் மூன்றாவது ஊசிக்குப் பிறகு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியை ஒரே மூச்சில் ஏறினேன். தோள் அகன்றது. தாடி அடர்ந்தது.

"என்ன ஊசி சேர் இது?"

"சத்து ஊசி."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போனேன். என் கையைப் பிடித்துப் பார்த்து ஆசைப்பட்ட பக்கத்து லயத்துத் தம்பி ஒருவனையும் நானே கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

ஊசி தொடங்கி இரண்டாம் வருடம் கல்யாணம். மனைவி எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து எடுப்பவள். ஒரு வருடமாகியும் அவள் உண்டாகவில்லை. என் அக்கா வாயைத் திறந்தாள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களுக்கு நடுவில் அக்கா சொன்னாள்: "எங்க தம்பி சிங்கம் மாதிரி இருக்கான். அவளுக்குத்தான் ஆண்டவன் அரைப்பேரு போட்டுட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி வாளி நிறையுமுன்னே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பேரே அதுதான். அரைப்பேருக்காரி. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அக்கா என்னைச் சிங்கம் என்று சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. ஊசிக்காரன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தை அவன் தலையில் போட முடியாது.

கிளினிக்கில் அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். அன்று பஸ் சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டே வந்தாள். பிறகு மாதத்தில் ஐந்து நாள் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதைக் குடிக்கிற நாட்களில் அவளுக்குக் கண் மங்கும். கொழுந்துக்கும் முத்தல் இலைக்கும் வித்தியாசம் தெரியாமல் பறித்துப் போட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். புருஷனையும் கூட்டி வரச் சொல்லி இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள்.

"எனக்கென்ன? இந்த ஒடம்பப் பாத்தா தெரியலயா?" என்றேன். போகவில்லை.

கல்யாணமான மூன்றாம் வருடம் பதுளையில் ஒரு லேடி டொக்டரைச் சேனல் பண்ணி, காசு கட்டி நம்பர் எடுத்துப் பார்த்தோம். சிங்களவர். தமிழை முறித்து முறித்துப் பேசுவார். மனைவியின் கிளினிக் துண்டுச் சீட்டுகளையெல்லாம் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் டெஸ்ட் எங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டொக்டர்."

"ஒண்ணும் இல்ல யார் சொன்னது? மிஸ்டர் டெஸ்ட் இல்லாம இனி இவங்கள நான் பாக்க மாட்டேன்."

டெஸ்ட் செய்தேன். விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. குறைவு என்றுகூட எழுதவில்லை, சைபர். இரண்டாவது முறையும் செய்யச் சொன்னார். அதுவும் சைபர்.

"ஊசி ஏதும் போடுறதா?"

"இல்ல டொக்டர்."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "சத்து ஊசி போடுறீங்களே."

"அது சத்துக்குப் போடுறது. மருந்து ஊசி இல்ல."

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். அடுத்த முறை வரும்போது அந்த மருந்துக் குப்பியைக் கொண்டு வரச் சொன்னார். டிஸ்பென்சரிக் குப்பையிலிருந்து பொறுக்கிக்கொண்டு போனேன். அதிலிருந்த எழுத்தைப் படித்தார். ஆண் உடம்பு தானாகச் சுரக்கிற ஹோர்மோனாம். அதைத்தான் அவன் வெளியிலிருந்து எனக்கு ஏற்றியிருக்கிறான்.

"வெளியில இருந்து நெறய வந்தா மூளை நெனக்கும், இருக்கு, போதும். உள்ள வேல நிப்பாட்டும். ஹோர்மோனும் இல்ல, பிள்ளைக்கு வேண்டியதும் இல்ல."

எனக்கு அது நன்றாக விளங்கியது. வெளியாட்களைக் கொந்தராத்துக்கு இறக்கிக் கொழுந்தெடுத்தால் தோட்டத்து ஆட்களைக் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஐந்து வருடம் பெரட்டுக்குக் கூப்பிடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒருநாள் தப்படித்துக் கூப்பிட்டால் யார் வந்து வரிசையில் நிற்பார்கள்?

"திரும்ப வருமா டொக்டர்?"

"வரலாம். எத்தன மாசம் சொல்ல மாட்டேன். ஆனா ஊசி இனி இல்ல."

ஊசியை விட்டேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரி தண்ணீர்ப் போத்தல் நீட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல குளிரில் வேர்த்தது. மனைவி பக்கத்தில் படுத்திருந்தால் பலகை மாதிரிக் கிடந்தேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வந்து கிடைத்த கூலிக்குப் போனேன். அதிலும் பாதி நாள் முடியவில்லை. பெரகலயில் தேத்தண்ணிக் கடையில் ஒருவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"என்னா மச்சான், சிங்கமும் அரைப்பேருக்கு வந்துருச்சு போல?"

கிளாசை அவன் மேல் எறிய வேண்டும் போலிருந்தது. கைக்குத்தான் தெம்பில்லை. ஒரே ஒரு ஊசி போட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். சந்து வரைக்கும் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. போட்டால் மறுபடியும் சைபரிலிருந்து தொடங்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்றும் சொல்லியிருந்தார்.

நான்கு மாதம் கழித்து இரத்தம் பார்த்தார்கள். ஹோர்மோன் ஏறவில்லை. டொக்டர் மாத்திரை எழுதினார். பதுளை டவுனில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் பாமசியில் மருந்துத் துண்டைக் கொடுத்தேன்.

"வைஃபுக்கா தம்பி?"

"எனக்கு நானா."

அவர் துண்டை மறுபடியும் பார்த்தார். "இது பொம்புளைங்களுக்குக் குடுக்கிற மருந்து. பிள்ள கெடைக்க." பின்னால் நின்ற இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் துண்டில் என் பேரைக் காட்டினேன். "சரி சரி, சில ஆம்புளைங்களுக்கும் எழுதுறதுதான்" என்று அட்டையை எடுத்து வைத்தார். அந்த அட்டையை எனக்குத் தெரியும். சின்ன வெள்ளை மாத்திரை. என் மனைவி குடித்தது.

வீட்டில் அட்டையை அவளிடம் கொடுத்தேன். அவள் தகர டப்பாவைத் திறந்தாள். அவள் குடித்து முடித்த வெற்று அட்டைகளை ஒன்றுவிடாமல் வைத்திருந்தாள். என்னுடையதை அவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"ஆக, மருந்து ஒங்களுக்கு உள்ளது. நான் குடிச்சிருக்கேன்."

நான் என் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தேன்.

"கண்ணு மங்குதானு சொல்லுங்க. மங்கலைனா பரவால்ல, போகப் போக மங்கும்."

சிரிக்கவில்லை அவள். நான் அடுத்த நாளே ஊசிக்காரனிடம் போனேன். பெஞ்சில் ஐந்தாறு பேர். வெற்றுக் குப்பியை அவன் மேசையில் வைத்து, என்ன போட்டாய் எனக்கு என்று கத்தினேன். அவன் சத்தமே போடவில்லை.

"சத்து வேணும்னு வந்த. சத்து வந்துச்சா இல்லயா?"

"பிள்ள பொறக்காதுனு சொன்னியா?"

"நீ கேட்டியா?"

சட்டையைப் பிடித்தேன். வெளியிலிருந்து ஒருவன் வந்து என் கையை விலக்கினான். நான் கூட்டிக்கொண்டு போன அதே பக்கத்து லயத்துத் தம்பி. தோள் நன்றாக அகன்றிருந்தது. அந்த ஊசி உடம்பை என்ன செய்யும் என்று அங்கேயே சொல்லி, விட்டுவிடச் சொன்னேன்.

"அண்ணே, நீங்கதானே கூட்டியாந்தீங்க" என்றான். பிறகு, "முடிஞ்சுச்சுனா கொஞ்சம் தள்ளுங்க, எனக்கு வேலைக்குப் போகணும்."

அவன் உள்ளே போனான். அதை நான் நிறுத்த முடியவில்லை. இன்றைக்கும் அந்த டிஸ்பென்சரி திறந்துதான் இருக்கிறது. பொலிசில் புகார் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. என் மனைவி வர மாட்டேன் என்றாள். போன வருடம் இன்னொரு வீட்டு வளைகாப்பில் இவள் வளையலைக் கையில் எடுத்தபோது அக்கா பிடுங்கி வேறு ஒருத்தியிடம் கொடுத்திருந்தாள். அன்று முழுக்க இவள் பின்கட்டில் சட்டி கழுவினாள்.

"வாயத் தொறந்து சொல்லுவீங்கனா வாறேன்" என்றாள். "இல்லனா நீங்களே மாத்திரையக் குடிங்க, நீங்களே டொக்டர்கிட்டப் போங்க. நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்."

போனோம். லயத்து வாசலில் பாய் விரித்து மகளை உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என் மனைவியின் முறை வந்ததும் அக்கா வளையல் தட்டைத் தூக்கி மறுபக்கம் வைத்தாள்.

"நீ இரு. சோறு வெந்துருச்சானு போய்ப் பாரு."

ஆண்கள் தள்ளி நின்றோம். நான் பெண்களுக்கு நடுவில் போனேன். "அக்கா, தட்ட இங்க வை."

"டேய் தம்பி, இது பொம்பளைங்க காரியம்."

"அரைப்பேரு அவ இல்ல. நான்தான். ஊசி போட்டுப் போட்டு என் ஒடம்புல ஒண்ணுமில்லாமப் போச்சு. டெஸ்ட் எடுத்தாச்சு. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. ரெண்டு வருசமா என் மாத்திரைய அவ குடிச்சா."

குரல் உடைந்துவிட்டது. அந்த மாதங்களில் எதற்கும் உடையும். யாரோ ஒரு கிழவி "அட கருமமே" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அக்காவின் முகம் கறுத்தது.

"நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சாடா இது? மானங்கெட்டவனே!"

அக்கா தட்டை வைக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த மகள்தான் கையை நீட்டி, "அத்த, நீங்க போடுங்க" என்றாள். என் மனைவி இரண்டு பச்சை வளையலைப் போட்டுவிட்டு எழுந்தாள். சோற்றுக்கு நிற்காமல் வந்துவிட்டோம். வழியில் அவள் சொன்னது ஒன்றுதான்: "இதப் பீலியிலயே சொல்லியிருக்கலாம்."

அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. நானும் போவதில்லை. லயத்தில் இப்போது அரைப்பேர் என்றால் நான்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஊசியை விட்டுப் பதின்மூன்றாம் மாதம் மறுபடி டெஸ்ட். காலையில் எழும்போது சில மாற்றங்களை நானே கவனித்திருந்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. டொக்டர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார்.

"வந்திருக்கு. கொஞ்சம். நோர்மலுக்குக் கீழ. ஆனா சைபர் இல்ல."

அன்று மனைவிக்கு மலையில் வேலை. வேலை விட்டு வரும் வழியில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நின்று காகிதத்தைக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். இங்கிலீசில் இருந்த எழுத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"முழுப்பேரா, அரைப்பேரா?"

"அரைதான். டொக்டர் கொஞ்சம்னு சொன்னாங்க."

காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கூடையை எடுத்து என் தோளில் மாட்டினாள்.

"அப்ப நாளைக்கும் அதுகளப் பெரட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றாள்.