நூற்றுக்குப் பன்னிரண்டு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அச்சு போடுவதில் கயல்விழியை மிஞ்ச ஆள் கிடையாது என்று. பழமலைநாதனின் பொம்மைப் பட்டறையில் பதினான்கு வருஷமாக அவள்தான் அச்சு போடுகிறாள். பிள்ளையார், கிருஷ்ணர், வாத்து, கல்யாண ஜோடி என்று அவள் கையிலிருந்து போன பொம்மைகள் எத்தனை வீட்டு அலமாரிகளில் உட்கார்ந்திருக்கின்றனவோ, அவளுக்கே தெரியாது. ஒன்றின் அடியிலும் அவள் பெயர் இருக்காது. பட்டறை முத்திரை இருக்கும். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதும் இல்லை.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எதற்கு என்றால், சுருக்கத்தை மறந்ததற்கு. களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது மறுபடியும் சுருங்கும். பத்து அங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் அச்சைப் பதினோரு அங்குலத்துக்கு மேலேயே போட வேண்டும். "நூத்துக்குப் பன்னெண்டு. உங்க பேரு மறந்தாலும் இது மறக்கக்கூடாது" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். அப்படிச் சொன்னவளே அதை மறந்தாள் என்பதுதான் இங்கே கதை.

அவள் மானிடவியல் படிக்கப் போனதற்கும் பட்டறைதான் காரணம். அங்கே 'ஜனங்க செட்டு' என்று ஒரு சரக்கு உண்டு. ஒரே அச்சில் வார்த்த பெண் பொம்மை. சிவப்புப் புடவையும் நெற்றிச்சுட்டியும் வரைந்தால் கல்யாணப் பெண், வெள்ளைக் கோட்டு அடித்தால் டாக்டர், தலையில் கூடையை ஒட்டினால் மீன்காரி. வருஷக்கணக்கில் இதை வார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, நிஜ ஜனங்களை இப்படி யார் பிரித்தார்கள், எப்போது பிரித்தார்கள் என்று ஒரு கேள்வி உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. மானிடவியல் இருப்பதைப் பேப்பரில் பார்த்ததும் விண்ணப்பித்துவிட்டாள்.

அவள் கணவன் பாண்டியன் வேப்பூர் ஹைவேயில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். "அத படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று கேட்டான்.

"வேலதான் எனக்கு இருக்குதே. தெரிஞ்சிக்கணும், அவ்வளவுதாங்க."

மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியது, நெருப்பைப் பழக்கியது, ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டது என்று முதல் தாளில் ஆரம்பித்து, தாய்மாமன் உறவு, சடங்கு, சந்தை என்று இன்றைய மனிதர்கள் வரைக்கும் பாடம் நீண்டது. ஒருநாள் சாப்பிடும்போது பாண்டியன், "அப்படி என்னதான் போட்டிருக்குது அந்தப் பொஸ்தகத்துல?" என்றான். கயல்விழி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அச்சு ஒண்ணு. பெயிண்டு வேற."

படிப்பு அவ்வளவு சுலபமாகப் போய்விடவில்லை. முதல் வருஷம் ஒரு தாளில் தோற்றாள். அடுத்த வருஷம் பாண்டியனுக்கு முதுகில் ஆபரேஷன், தேர்வுக்கே போகவில்லை. நான்கு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து என்பது விதி. இது நான்காவது வருஷம். எல்லாத் தாளும் தேறி, பாக்கி இருந்தது செய்முறை ஒன்றுதான்: மண்டை ஓட்டை அளந்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, நேர்முகத் தேர்வில் பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக் மண்டை ஓடு ஒன்று. மாணவர்கள் நாற்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிஷம். இருபத்திரண்டு அளவு எடுக்க வேண்டும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை. பத்து நிமிஷத்தில் கயல்விழிக்கு நான்கு அளவுகூட முடியவில்லை. பழகிப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சி, சனி ஞாயிறு இரண்டு நாளைக்கு மண்டையை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அளக்கும் கருவியைத் தபாலில் கேட்டிருந்தாள், அது வந்து சேரவில்லை. அதனால் என்ன? கருவி வந்ததும் அளக்க, அதே போல ஒரு மண்டையை வார்த்து வைத்துக்கொண்டால் போயிற்று. கையில் தொழில் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் சோறு தண்ணி பார்க்காமல் மண்டைக்கு அச்சு எடுத்தாள். கண் குழி, மூக்குத் துவாரம், தாடை மடிப்பு எல்லாம் சிக்காமல் பிரிந்து வர ஒன்பது துண்டு அச்சு. அவள் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு அச்சு போட்டதில்லை. திங்கட்கிழமை பிளாஸ்டிக் மண்டை பத்திரமாகத் திரும்பப் போய்விட்டது.

களிமண் கரைசலை ஊற்றி வார்த்தும் ஆயிற்று. சூளையில்தான் தகராறு. ஆவணி மாசம், விநாயகர் சதுர்த்திக்கு முன்னால், சூளை முழுக்கப் பிள்ளையார். சூளை பார்க்கும் தங்கராசு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாமியோட சேத்து மண்டையோட்ட வேக வெக்கச் சொல்றியா? என்னால ஆவாதும்மா."

"களிமண்ணுதாண்ணே. அதுவும் அதே களிமண்ணுதான்."

"களிமண்ணுதான் பிள்ளையாரும். அதுக்குன்னு?"

கடைசியில், மண்டை ஓடு அடித்தட்டில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பிள்ளையார்களுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும் என்று உடன்பாடு ஆயிற்று. தங்கராசு சூளைக் கதவில் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்த பிறகுதான் பற்றவைத்தார்.

மண்டை வெளுப்பாக, விரிசல் இல்லாமல் வந்தது. நான்கு மாசம் அதோடுதான் குடும்பம். பீரோ மேல் அது இருக்கும்வரை அந்த அறையில் படுக்க மாட்டேன் என்று பாண்டியன் கூடத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கருவியும் தபாலில் வந்து சேர்ந்திருந்தது, தினமும் சமையலை முடித்துவிட்டு அவள் அதை எடுத்து அளப்பாள். மார்கழியில் ரெக்கார்டு நோட்டை அனுப்பியபோது, இதைவிடச் சுத்தமாக ஒருத்தரும் அளந்திருக்க முடியாது என்று அவளுக்குத் திமிரே வந்துவிட்டது.

தை மாசம் நோட்டு திரும்பி வந்தது. பேராசிரியர் ராஜாம்பாள் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'அளவுகளின்படி இது இரண்டு வயதுக் குழந்தையின் தலை. வாயில் ஞானப்பல் இருப்பதாகவும் எழுதியுள்ளீர்கள். பத்து நாட்களில் நேரில் வந்து விளக்கவும்.'

கயல்விழி படித்தாள். மண்டையைப் பார்த்தாள். யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே புரிந்துவிட்டது. அசல் மண்டையிலிருந்து அப்படியே அச்சு எடுத்து, அப்படியே வார்த்து, அப்படியே வேக வைத்தாயிற்று. சுருங்காமல் என்ன செய்யும்? புதுசாக வந்த பெண்களை அழ வைத்த வாய், நான்கு மாசம் அந்த மண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லையே!

உடன் படிக்கும் நந்தகுமார் ஸ்ரீமுஷ்ணத்தில் பள்ளி ஆசிரியர். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான். "என் ரெக்கார்ட பாத்து எழுதிடுங்கக்கா. நானும் சீனியரோடது பாத்துதான் எழுதினேன். எல்லாரும் அப்படித்தான்."

"அளக்காமயேவா தம்பி?"

"பத்து நிமிஷத்துல யாரு அளப்பாங்கக்கா?"

பார்த்து எழுதினால் வேலை முடிந்தது. அதுகூட வேண்டாம், கணக்குப் போட்டாலே அசல் அளவு வந்துவிடும். நோட்டின் பின் அட்டையில் போட்டுப் பார்த்தாள். நீளம் 158 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாள், அது 180 ஆயிற்று. ஆனால் மனம் ஒப்பவில்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது பட்டறைப் பேச்சு. நிஜத்தில் ஒவ்வொரு சூளைக்கும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதற்காகவே ஒவ்வொரு தடவையும் சரக்கோடு ஒரு அளவுக் கட்டையை வைப்பார்கள். விரல் தடிமனில் களிமண் கட்டை, அதில் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு, பக்கத்தில் ஆணியால் கீறிய தேதி. வெந்து வந்ததும் கோட்டை அளந்தால் அந்தச் சூளையின் சுருக்கம் தெரிந்துவிடும். அந்த நாளின் கட்டை கிடைத்தால் அவள் பேச்சுக்கு ஒரு சாட்சி இருக்கும்.

அளந்து முடித்த கட்டைகள் பட்டறைக்குப் பின்னால் உடைசல் மேட்டுக்குப் போகும். சாப்பாட்டு இடைவேளையில் போய்க் கிளறினாள். காது போன பிள்ளையார், கழுத்து போன வாத்து, நூற்றுக்கணக்கில் கட்டைகள். புரட்டாசி கிடைத்தது, ஆடி கிடைத்தது. ஆவணியிலும் ஏழெட்டு கிடைத்தது, அந்தத் தேதி மட்டும் இல்லை. இரண்டு நாள் இப்படி. என்ன தேடுகிறாய் என்று கேட்டவர்களிடம் மோதிரம் என்று பொய் சொன்னாள். கயல்விழி சுருக்கத்தை மறந்துவிட்டாளாம் என்று தொழிற்பேட்டை முழுக்கச் சிரிப்பதைவிட, பொய்யே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் விரலைக் கிழித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தங்கராசு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்றார்.

"மோதிரத்துக்கு யாரும் இப்படி அழுவ மாட்டாங்க. என்னன்னு சொல்லு."

சொன்னாள். நோட்டு, சிவப்பு மை, பத்து நாள், நான்காவது வருஷம், எல்லாவற்றையும். சொல்லிவிட்டு அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அது சின்னதா இருந்தத நானும் பாத்தேன் கயலு. செத்தவங்க தல சுருங்கித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சூளைக் கொட்டகை ஓட்டுச் சந்திலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். அவிழ்த்தால் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம். பக்கத்தில் ஒரு அளவுக் கட்டை.

"மண்டையோட வெந்த கட்டையாச்சே. பிள்ளையாரோட மட்டும் வெந்ததுங்ககூட அத எப்படி ஒண்ணா போடறது? அதான் தனியா முடிஞ்சி வெச்சேன்."

தேதி சரியாக இருந்தது. கயல்விழி அந்தக் கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ராஜாம்பாள் பீங்கான் மண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டையில் இருந்த கோட்டின் மேல் அடிக்கோலை வைத்தார். எட்டு புள்ளி எட்டு. கணக்குப் போட்டார், பிளாஸ்டிக் மண்டையை எடுத்து அளந்தார், ஒத்துப்போயிற்று.

"உங்க நோட்டுல ஒண்ணு மட்டும் சரியா இருந்துச்சு. அகலத்துக்கும் நீளத்துக்கும் இருக்கிற விகிதம். நூத்துக்கு எழுபத்தாறு சொச்சம், எங்க மண்டையிலயும் அதேதான். பாத்து எழுதுறவங்களுக்கு இப்படித் தப்பு வராதே, அளந்துதான் எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அதனாலதான் ரத்து பண்ணாம கூப்பிட்டேன்" என்றார். "பதினாலு வருஷம் இதே வேலை செய்யறீங்க. எப்படி மறந்தீங்க?"

கயல்விழிக்குப் பொய் எதுவும் தயாராக இல்லை. "எல்லாத்தையும் சரக்காத்தான் பாப்பேன் மேடம். இத எடுத்தப்ப ஆளுன்னு நெனச்சிட்டேன். ஆளு சுருங்குவாங்கன்னு தோணல."

ராஜாம்பாள் நோட்டில் கையெழுத்துப் போட்டார். பழைய அளவுகளை அடிக்கக்கூடாது, அப்படியே இருக்கட்டும், எதிர்ப்பக்கத்தில் கட்டையைப் பற்றி எழுதுங்கள் என்றார். இந்தப் பேச்சையே நேர்முகத் தேர்வாகவும் எடுத்துக்கொண்டார். தேறிவிட்டாள். நான்கு வருஷப் பாரம் இறங்கியது.

"இந்த ரெண்டையும் இங்கயே வெச்சிட்டுப் போறீங்களா? பசங்களுக்குக் காட்டணும்" என்று பேராசிரியர் ஒரு சீட்டை நீட்டினார். "என்ன மண்டை, யார் செஞ்சதுன்னு நீங்களே எழுதிடுங்க. கண்ணாடிப் பெட்டியில ஒட்டணும்."

கயல்விழி பேனாவை வாங்கினாள். மனித மண்டை, விருத்தாசலம் களிமண், நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கியது என்று எழுதினாள். சூளை, தங்கராசு என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. பதினான்கு வருஷத்தில் வார்த்த எதற்கும் எழுதாத ஒன்றை, தப்பாய்ப் போன இந்த ஒன்றுக்கு எழுத வேண்டும். அச்சு என்று போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.