செவுளில் ஒட்டிய பெயர்

"செவுள எடுத்துப்போடட்டுங்களாக்கா?"

இன்று காலை மீன் கடைக்காரர் கேட்டார்.

வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். (எனக்குப் பழகிவிட்டது!)

காரணம் தொண்ணூறுகளில் இருக்கிறது. அப்போது நான் கோவையில் விலங்கியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நன்னீர் மீன்களின் செவுளில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்கள்தான் என் ஆராய்ச்சி.

ஆமாம், புழு! பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டேன். (அப்படியும் கட்டிக்கொண்டார்கள்!)

எங்கள் ஊர்க் குளத்துக் கெண்டையில் ஒரு புழு கிடைத்தது. வெறும் கண்ணுக்குப் பொடிப்புள்ளி. அதன் வால் பக்கத்தில் கொக்கிகள் இருக்கும், அவற்றின் வளைவை வைத்துத்தான் இனத்தைச் சொல்வோம். இந்த வளைவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புது இனம்!

ஆனால் கிடைத்த புழு எல்லாவற்றிலும் கொக்கி உடைந்திருந்தது. "சேதாரமில்லாம வேணும்மா. இல்லன்னா புது இனம்னு எழுதவே முடியாது" என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு கையை விரித்துவிட்டார்.

மீன் செத்தால் புழுவும் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் உயிரோடு மீன் வேண்டும். கோடை வேறு, குளம் வற்றிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் என் மாமனார் களத்தில் இறங்கினார். மாமாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறையில் இரும்பு கடையும் வேலை. லீவு நாளில் தூண்டில்.

ஒரு நாள் பால் கேனில் தண்ணீரும் மீனுமாக டவுன் பஸ் ஏறி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்! மீனுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று வழி நெடுக கேனுக்குள் கையை விட்டு அளைந்துகொண்டே வந்தாராம். சட்டைக் கை முழுக்க ஈரம்.

"ஏனுங்க, பாலுக்குள்ள எதுக்குங்க கைய உட்டு அளையறீங்க?" என்று கண்டக்டர் சண்டைக்கே வந்துவிட்டாராம்!

அன்றைக்குக் கிடைத்தது. கொக்கி முழுசாக!

மாமாவையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"ஏங்கண்ணு, இத்தன நைசா இத ஆரு கடைஞ்சது?"

புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அதை எழுதுபவருக்கு. நான் அந்த நிமிடமே மாமாவின் பெயரை முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் வெடித்தது!

"மனுசம் பேரக் கொண்டுபோயி புழுவுக்கு வெப்பாங்களா அம்மணி?" என்றார் அத்தை. அத்தை என்றால் என் மாமியார்.

"எங்க படிப்புல அது பெரிய மரியாதைங்கத்தை."

"நல்ல மரியாத! மீன் செவுள்ல!"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், முகம் பார்க்க மாட்டார். நான் தீசிஸ் எழுதிய மாதங்களில் என் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்தவர் அவர். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அத்தை மாமாவின் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். மருமகள் நானும் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. ஆய்வகத்தில் 'நம்ம புழு' என்றே ஓட்டிவிட்டேன். (இந்தப் பதிவிலும் இதுவரை எழுதவில்லை, கவனித்தீர்களா?)

வாய்மொழித் தேர்வான வைவா நாள் வந்தது. முன் வரிசையில் மாமா. பக்கத்தில் உம்மென்று அத்தை.

நான் திட்டத்தோடு போயிருந்தேன். பெயர் வரும் இடத்தில் புரொஜெக்டர் ஷீட்டைக் காட்டிவிட்டு நைசாக நகர்ந்துவிடலாம்!

சரியாக அந்த இடத்தில் கரண்ட் போனது.

"பரவால்ல, வாயால சொல்லுங்க. புது இனத்தோட பேரு என்ன?" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

வாயைத் திறந்தேன். நேர் எதிரே மாமா! வெறும் காற்றுதான் வந்தது.

"அது... வந்துங்க சார்..."

"ஏம்மா, நீங்க வெச்ச பேரு உங்களுக்கே தெரியலையா? இது நீங்க செஞ்ச வேலைதானா?"

கைடு தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருட உழைப்பும் என் தொண்டைக்குழியில் சிக்கிக் கிடந்தது.

அப்போது முன் வரிசையில் பட்டுச்சேலை சரசரத்தது. அத்தை எழுந்து நின்றார்.

"நாச்சிமுத்துங்க சார்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"எங்க ஊட்டுக்காரரு பேருங்க. மாமனார் பேர மருமக எப்புடிங்க சொல்லுவா? நாஞ் சொல்றனுங்க, எழுதிக்கோங்க. நாச்சிமுத்து! எம்பட மருமக வெச்ச பேரு!"

தேர்வாளர் சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

மாமா? காதெல்லாம் சிவந்து, புது மாப்பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

பட்டம் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மாமா மெதுவாகக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"இன்னொருக்கா சொல்லு புள்ள."

"அது புழுவு பேருங்க! பேசாம வாங்க!"

மாமா இப்போது இல்லை. அத்தை அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை.

இன்று மீனோடு வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் படுத்திருந்த அத்தை தலையைத் தூக்கினார்.

"செவுளோட வாங்கியாந்தியா அம்மணி?"

"ஆமாங்கத்தை."

"பாத்து மெதுவா கழுவு. அவிங்க இருக்கப் போறாங்க."