குஞ்சு பறக்கும்வரை தண்ணீர்

பறவை ஏரிக்குக் காவல் இருப்பதென்றால், சொன்னாலும் புரியாத பறவைகளையும் புரிந்தாலும் கேட்காத மனிதர்களையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு மாரடிப்பது. மாரடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரியலூர்ப் பக்கம் தூர்ந்து கிடந்த ஏரியை எழுபதுகளில் வெட்டி, நடுவில் மண்மேடு போட்டுக் கருவேலம் வைத்தார்கள். எண்பதுகளில்தான் ஒரு வருஷம், நான் அங்கே காவல் இருந்தபோது, முதன்முதலாக நாரைகள் அதில் கூடு கட்டின. குஞ்சு பறக்கும்வரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றினால் நாய்கள் மரத்தடிக்கு நடந்தே வந்து, விழுகிற குஞ்சுகளைக் கவ்விவிடும்.

நாலு மணி பஸ்

கூடு கட்டுவதற்கு முன்பு நாரைகள் விடிந்ததும் வயலுக்குப் போனால் அந்தியில்தான் திரும்பும். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வந்த கூட்டம் ஒன்று உச்சிவெயிலில் வந்து நின்றது. தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். ஓர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாலு மணிக்குக் கடைசி பஸ்ஸுங்க. அதுக்குள்ள ஒரு நாலஞ்சையாவது வரச் சொல்லுங்களேன்.”

கைதட்டிய வாத்தியார்

முட்டை வைத்தபின் பெரம்பலூரிலிருந்து பிள்ளைகளோடு ஒரு வாத்தியார் வந்தார். நாரை எழுந்தால் காக்கை முட்டையைக் கொத்திவிடும், சத்தம் கூடாது என்று சொல்லித்தான் கரைமேல் விட்டேன். பிள்ளைகள் வாயில் விரல் வைத்து நின்றன. வாத்தியார்தான் பறப்பதைப் பார்க்க வேண்டுமென்று பட்பட்டென்று கைதட்டினார்.

நாரைகள் மொத்தமாக எழும்பின, காக்கைகள் இறங்கின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டினார்: “விடுங்க சார், காக்காவும் பறவைதானே?”

மடை

தப்பிய முட்டைகள் மார்கழியில் பொரித்தன. அந்தச் சமயம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. ஏரிக்குக் கீழே சம்பா நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசித் தண்ணிக்கு மடை திறப்பது ஊர் வழக்கம், தடுக்க எனக்கு அதிகாரமில்லை. மடைக்காரரிடம் காலில் விழாத குறையாக இன்னும் இருபது நாள் கேட்டேன். அவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். குரலில் கோபமேயில்லை: “நாரை வேற ஏரி பாத்துக்கும்ங்க. நட்ட பயிரு எங்க போவும்?”

காலி மரம்

மடை திறந்த ஐந்தாம் நாள் சேறு தெரிந்தது. நாய்கள் வந்தன. பெரிய நாரைகள் இரண்டு நாள் மேலேயே சுற்றிவிட்டுப் போய்விட்டன. குஞ்சுகளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

காணும் பொங்கலன்று செட்டிகுளத்திலிருந்து ஒரு குடும்பம் கட்டுச்சோற்றோடு வந்தது. வெறும் மரங்களைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்கார அம்மாள் உச்சுக்கொட்டியபடியே இலையை விரித்தார்: “அதுவும் நல்லதுக்குத்தாங்க. எச்ச நாத்தம் இல்லாம நிம்மதியா சாப்புடலாம்.”

வேலையை விட்டு வா என்று எனக்கு உத்தரவு எதுவும் வராததால், பறவையே இல்லாத ஏரியில் பறவைகளுக்கு இடைஞ்சல் வராமல் அந்தக் கோடை முழுக்கக் காவல் இருந்தேன்.